பஞ்சு பறந்த பன்னிரண்டு நாள்

பதினோரு வருடமாக எர்மெலிந்தா ஒசூனாவின் வேலை, மெக்சிகோவின் ஹார்டி ஆற்றங்கரையில், வேறெந்த மரத்தையும் வளரவிடாத உப்புச்சவுக்குப் புதரை வேரோடு பிடுங்குவது. கணவன் ரெஃபூஹியோவும் கூடவே கடப்பாரை போட்டான். போன டிசம்பரில் அவனைப் புதைத்தபோதும் அவன் நகக்கண்ணில் அந்த மண் இருந்தது. காய்ந்து கிடந்த பழைய ஆற்றுத்தடம்தான் இருவரும் சேர்ந்து சுத்தம் செய்த கடைசித் துண்டு. அதில் அந்த மண்ணுக்கே உரிய ஆலமோ மரங்கள் மறுபடி முளைப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மெக்சிகாலி நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்து விடும் தண்ணீர்தான் இப்போது ஆறு. அதைத் தடத்துக்குத் திருப்ப, அமெரிக்க எல்லையின் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரலில் ஆலமோ விதையோடு பஞ்சு உதிர்க்கும். பன்னிரண்டு நாள்தான். விதை விழும்போது மணல் நனைந்திருந்தால் பிழைக்கும், காய்ந்திருந்தால் செத்துவிடும்.

முதல் பஞ்சு பறந்த அன்றே மதகுக்காரன் நாபோரிடம் போனாள். அவளுடைய மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்; அந்த உறவில் அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள், அவன் அவளைக் கொமாத்ரே என்பான்.

"கொம்பாத்ரே, மதகத் தூக்குங்க."

"கடுதாசி வரலையே, கொமாத்ரே. அந்தப் பக்கத்துக்காரங்க கையெழுத்துப் போட்டாச்சு. நம்மாளுங்கதான் புனித வாரம்னு சான் ஃபெலிப்பே கடற்கரைக்குப் போயிட்டாங்க."

"மீன் தின்னு முடிச்சு எப்ப வருவாங்களாம்?"

"வந்தாலும் அந்தப் பக்கத்துக் கையெழுத்துக்குத் தேதி தாண்டிப்போயிடும். அங்க மறுபடி கையெழுத்து வாங்கணும்."

"நீங்களே தூக்குங்களேன்."

"என் வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க?"

"போடுவேன். உப்பில்லாம."

அவன் சிரித்தான். மதகை மட்டும் தொடவில்லை.

அவள் வாளியில் சுமந்து ஊற்றினாள். நண்பகலுக்குள் மணல் குடித்துவிட்டது. பஞ்சு அவள் தலையிலும் ரெஃபூஹியோவின் பழைய கடப்பாரையிலும் ஒட்டிக்கொண்டு காய்ந்தது.

இருபத்துமூன்றாம் நாள் தண்ணீர் வந்தது, இரண்டு கொடிகளோடும் கைத்தட்டலோடும்.

மூன்று வாரத்தில் தடம் முழுக்கப் பச்சை. நாபோர் ஓடி வந்தான்.

"பாத்தீங்களா கொமாத்ரே! படம் எடுத்து ரெண்டு பக்கத்துக்கும் அனுப்பிட்டாங்க."

எர்மெலிந்தா முட்டி போட்டு ஒரு நாற்றைப் பிடுங்கினாள். மயிர்போல மெல்லிய இலை. வருடத்தில் பாதி நாள் விதை உதிர்க்கும் செடி. யார் கையெழுத்துக்கும் காத்திருக்காது.

"சவுக்கு," என்றாள்.

"எல்லாமேவா?"

அவள் அடுத்ததைப் பிடுங்கினாள். நாபோர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"உங்க மதகுலேருந்து."