காகிதத் தட்டில் ரியாத் நேரம்

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இப்போதெல்லாம் பாடம் அவள் கையில்தான் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. பசை, கலர், களிமண் என்று தினமும் ஒன்று. கணக்கில் கடிகாரம் வந்ததும் டீச்சர் ஆளுக்கொரு காகிதத் தட்டைக் கொடுத்து, ஈர்க்குச்சியில் முள் வைக்கச் சொன்னார். எந்த மணிக்கு வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எண்களைச் சுற்றிப் படமும் வரைய வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போனபோது டீச்சர் என்னை நிறுத்தினார். படமெல்லாம் அருமை, நேரம்தான் ஒன்றும் சரியில்லை என்றார். தட்டை வாங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் கிளம்புவது காலை ஆறரைக்கு, ராத்திரிச் சோறு ஐந்தரைக்கு. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் இரண்டு கடிகாரம் தொங்கும்; ஒன்று நம் நேரம், மற்றது வீட்டு ஆம்பளை வேலைக்குப் போயிருக்கும் ஊர் நேரம். எங்கள் வீட்டில் நம் நேரம் நின்று வெகு நாளாகிறது. கையில்தான் போன் இருக்கிறதே என்று நான் பேட்டரி மாற்ற மெனக்கெடவில்லை. ஓடுவது ரியாத் கடிகாரம் மட்டும். பிள்ளை அதைப் பார்த்தே மணி பழகியிருக்கிறாள். எங்கள் குடும்பமே இரண்டரை மணி நேரம் பிந்தித்தான் நடக்கிறது என்று சொன்னேன். டீச்சர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்குள் நுழையவும் ரியாத்திலிருந்து என் வீட்டுக்காரர் போனில் வந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து அறைக்கு வந்து சாப்பிட உட்காரும் நேரம் அவருக்கு. மகள் தட்டைத் தூக்கிக் காட்டினாள். வீடு தன் நேரத்துக்கு நடப்பதில் மனுஷனுக்கு ஒரே பெருமை. பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் துணி காயப்போடுகிறேன், அவள் பூனைக்குப் பால் வைக்கிறாள்.

“நான் எங்கன இருக்கேன்?” என்று கேட்டார்.

அவள் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். ஜன்னலில் சாய்த்து வைத்த போன், அதற்குள் ஒரு தலை.

அவளுக்கு மூன்றரை வயதில் வந்துவிட்டுப் போனவர். அடுத்த லீவை எடுக்காமல் சம்பளமாக வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு மாடி எழும்பியது. இந்த லீவையும் அப்படியே விற்றுவிடட்டுமா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் இஷ்டம் என்று நானும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தான் சாப்பிடுகிற மாதிரி ஒரு படம் போடச் சொன்னார். அவள் பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“வாப்பா, நீங்க கையாலயா சாப்புடுவீங்க, ஸ்பூன்லயா?”

கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அவர் போனைத் தள்ளி நிறுத்தி, தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அசையக் கூடாது என்றாள் மகள். வாய் நிறையச் சோற்றோடு அவர் அப்படியே இருந்தார்.

“லீவை விக்க வேண்டாம். வந்துருங்க” என்றேன்.

அவர் சோற்றை விழுங்கினார்.

“நீ இத ஒரு வார்த்த சொல்லுவேன்னுதான் ஒரு வாரமா கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்” என்றார்.