கூத்தமாராவில் பாட்டா செய்த யுத்தம்

ஆனந்தபாய்க்குப் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்காது. பொய்க்குத் தலையாட்டுகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. அதனால் பாறசாலையில் அவளுடைய சொந்தக் குடும்பத்திலேயே அவளுக்குப் பிடித்தவர்கள் குறைவு.

வீட்டின் பெயர் பட்டாளத்துவீடு. அவளுடைய பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, அருமநாயகம் முதல் உலக யுத்தத்தில் கடல்தாண்டி ஈராக்குக்குப் போய்த் திரும்பியவர். ஆனந்தபாய் பிறக்குமுன்பே செத்துப்போனார். அவர் விட்டுப்போனவை ஒன்றரை ஏக்கர் விளை, ஒரு பதக்கம், ராஜதாஸ் பெரியப்பா. மூன்றில் பெரியப்பாவுக்குத்தான் வாய் உண்டு.

வருஷாவருஷம் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது பெரியப்பா எழுந்து நிற்பார். "கூத்தமாராவில எங்க அப்பா ஒத்தைக்கு நின்னு சுட்டாராக்கும்!" என்று தொடங்குவார். ஆனந்தபாய் இரண்டாம் வகுப்பில் கேட்டபோது செத்த துருக்கிப் படைக்காரர்கள் பதினொரு பேர். நர்ஸ் படிப்பு முடித்தபோது இருபத்தாறு. மற்ற ஊர்களில் செத்தவர்கள் எண்ணிக்கையில் கூடுவதில்லை. பெரியப்பாவின் துருக்கர்கள் மட்டும் செத்தபிறகும் பெருகினார்கள். உபதேசியார் உட்பட எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டே பாயசம் குடித்தார்கள்.

எழுபத்தாறில் ஆனந்தபாய்க்கு ஈராக்கில் வேலை கிடைத்தது. ஏஜென்ட் கொடுத்த தாளில் இருந்த ஊர் கூத். அதுதான் பெரியப்பாவின் கூத்தமாரா என்பது அங்கே போய் இறங்கிய பிறகே அவளுக்குத் தெரிந்தது. பெரியப்பா அதைக் கர்த்தருடைய செயல் என்று எழுதினார். கர்த்தருக்கு வேறு வேலை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் பெரியப்பாவிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. விளையின் மூலையில் குஞ்சம்மா என்ற சுமட்டுக்காரி முப்பது வருஷமாகக் குடிசை போட்டிருந்தாள். வாழைக்குலையும் வைக்கோலும் தலையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். கேரளாவின் புது நிலச் சட்டப்படி, அடுத்தவர் பூமியில் குடிசை போட்டிருக்கும் குடிகிடப்புக்காரிக்கு உரிய பத்து சென்ட் வேண்டும் என்று அவள் மனு கொடுத்துவிட்டாள். பட்டாளக்காரன் பூமிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று யாரோ பெரியப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். 'உன் பாட்டா ரத்தம் சிந்திய பூமி இது. நீ யுத்தம் நடந்த இடத்துக்குப் போய் ஒரு போட்டோ எடு. ஒரு பிடி மண்ணும் கொண்டு வா.'

ரத்தம் சிந்தியது அங்கே என்றால் பூமி எப்படி இங்கே வந்தது என்று பதில் எழுத நினைத்தாள். ஸ்டாம்புக்குக் கேடு என்று விட்டுவிட்டாள்.

ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை போனாள். கூடவே பாறசாலைக்குப் பக்கத்துத் திருப்புறத்துக்காரி விலாசினி, அதே ஆஸ்பத்திரி நர்ஸ், காமிராவோடு வந்தாள். முதலில் ஊருக்குள் அந்த யுத்தத்தில் செத்தவர்களுக்கு வெள்ளைக்காரர்கள் கட்டிய கல்லறைத் தோட்டம். தாழ்ந்த நிலம், சிலுவைகளின் காலடியில் தண்ணீர் கட்டி, கோரை வளர்ந்து கிடந்தது. ஆனந்தபாய் வரிசை வரிசையாக நடந்து வாசித்தாள். அவள் வாசித்தவரை நம் பக்கத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை.

நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு சிலுவையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய அப்பாவின் கல்லறையாம். அவளிடம் விசாரித்தார். தன் பாட்டாவும் இங்கே இருந்தவர், பதக்கம் வாங்கியவர் என்று ஆனந்தபாய் சொன்னாள். சொல்லும்போதே பெரியப்பாவின் குரல் தன் வாயில் வந்தது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வெள்ளியா, வெண்கலமா?" என்று கேட்டார் அவர்.

"பழுப்பு நிறம். யுத்தத்துக்கென்று தனியாக உருக்கிய தங்கம் என்பார்கள்."

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளி, சுமை தூக்கப் போனவர்களுக்கு வெண்கலம், அப்படித்தான் கொடுத்தார்கள் என்றார். இரண்டிலும் ஒரே ராஜாவின் தலைதான் என்று, ஆறுதல்போலச் சேர்த்துச் சொன்னார்.

பிறகு யுத்தம் நடந்த இடத்துக்கு டாக்ஸி டிரைவர் கூட்டிக்கொண்டு போனான். ஆற்றோரம் தக்காளித் தோட்டம், ஒரு பம்புசெட், கட்டிப்போட்ட கழுதை. அவ்வளவுதான். தோட்டக்காரன் உழும்போது கிடைத்தவற்றை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தான். துருப்பிடித்த லாடங்கள், பட்டன்கள். துப்பாக்கிக் குண்டு இரண்டே இரண்டு.

"இதுக்கா உங்க பெரியப்பா இந்தப் பாடு படுதாரு? எங்க வயலு இதைவிடக் கொள்ளாம், பாக்க நல்லாயிருக்கும்," என்றாள் விலாசினி. கழுதை தெரியாமல் போட்டோ எடுக்க அவள் மூன்று முறை முயன்றாள். முடியவில்லை.

எழுபத்தெட்டில் லீவில் வந்த மூன்றாம் நாளே பெரியப்பா அவளை நெய்யாற்றின்கரைக்கு, நில விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை வேட்டி, மடியில் ஹார்லிக்ஸ் குப்பியில் ஈராக்கு மண். பஸ்ஸில் அவள் பதக்கத்தைக் கேட்டு வாங்கினாள். அதன் விளிம்பில் ஒரு நம்பர், பாட்டாவின் பெயர், அதற்கப்புறம் வழவழவென்று ஒரு விரற்கடை வெறுமை.

"இது ஆரு அராவினது?"

பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அப்பாவாக்கும். அம்மிக்கல்லுல வச்சுத் தேச்சாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. பக்கத்துல நின்னு பாத்தேன்."

"என்ன எழுதியிருந்து?"

"அப்ப எனக்கு இங்கிலீஷ் தெரியாது மக்கா."

"அப்புறம் தெரிஞ்சுதே? அவரு சுமடு எடுக்கப் போனவருன்னு உங்களுக்குத் தெரியும். இல்லியா?"

அவர் பதக்கத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குண்டு விழும் இடத்தில் கையில் ஒரு கம்புகூட இல்லாமல் சுமை தூக்கியவன், உயிரோடு வீடு வந்து, ஊர்க்காரன் இளப்பம் பேசுவான் என்று பயந்து தன் வேலையை அம்மிக்கல்லில் தேய்த்து அழித்திருக்கிறான். ஆனந்தபாய்க்கு முதல்முறையாகப் பாட்டாவின்மேல் பிரியம் வந்தது. கூடவே கோபமும். இந்த ஊரும் இதன் கௌரவமும் என்று பல்லைக் கடித்தாள்.

விசாரணையில் பெரியப்பா பதக்கம், போட்டோ, மண்குப்பி மூன்றையும் அதிகாரியின் மேசையில் பரப்பினார். குஞ்சம்மா சுவரோரம் சும்மாட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி போட்டோவில் கழுதையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"உங்க பாட்டா சிப்பாயா?" என்று ஆனந்தபாயிடம் கேட்டார்.

"இல்ல சார். சுமட்டுக்காரன். இந்தக் குஞ்சம்மா செய்யிற அதே வேல."

பெரியப்பா பதக்கத்தைக் கையால் மூடினார். அதிகாரிக்கோ அதில் அக்கறையே இல்லை. "சிப்பாயா இருந்தாலும் ஒண்ணுதான். செத்துப்போன சிப்பாயோட மகனுக்கு ஒரு விலக்கும் கிடையாது. பத்து சென்ட் கொடுத்தே தீரணும். அந்தக் குப்பியை எடுங்க, மேசையில மண்ணு கொட்டுது."

வெளியே வந்ததும் குஞ்சம்மா கையைப் பிடிப்பாள், கண்ணீர் விடுவாள் என்று ஆனந்தபாய் எதிர்பார்த்திருந்தால் அது அவளுடைய தப்பு.

"எதுக்கு பிள்ளே அங்க வச்சு அப்படிச் சொன்னே?" என்று குஞ்சம்மா பாய்ந்தாள். "பட்டாளத்துவீட்டுக்குப் பொறத்தால எனக்குப் பத்து சென்ட் வருதுன்னு சந்தையெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இனி சுமட்டுக்காரன் வீட்டுக்குப் பொறத்தாலன்னா சொல்லுவேன்?"

ஆனந்தபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலுபேர் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

பெரியப்பா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். சபை வளாகத்தில் 'போர்வீரர் அருமநாயகம்' என்று கல் வைக்கச் சபைக் கமிட்டி அனுமதித்தது. விசாரணையில் நடந்தது கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். கல் திறப்பு அன்றும் பாயசம் உண்டு.

அவள் கூத்துக்குத் திரும்பினாள். எண்பதில் ஈரானோடு யுத்தம் தொடங்கியது. வார்டுகளில் இடமில்லாமல் வராந்தாவில் பாய் விரித்து ஆட்களைப் படுக்க வைத்தார்கள். அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டாள்.

தங்கையின் கல்யாண விருந்தில் பெரியப்பா தாமாகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். மூன்று வருஷம் கழித்து முதல் பேச்சு. "சண்டை நடக்கிற இடத்துல நம்ம பிள்ள நின்னிருக்கா," என்றார் பந்திமுழுக்கக் கேட்கும்படி. "சொல்லு மக்கா, எப்படி இருந்து?"

பந்தியே தலையை நிமிர்த்திக் காத்திருந்தது.

"கட்டு மாத்தினேன். மூத்திரம் அளந்தேன். ஈ விரட்டினேன்," என்றாள் ஆனந்தபாய். "மீன்கறி ஆறுது, தின்னுங்க பெரியப்பா."