வாசலில் காத்திருந்த பை

விசாரணை அறைக்கு வெளியே சுவரோரம் இருந்த அந்த நீலப் பையை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எங்கள் லைன் லீடர் அக்காவின் பை அது. அக்கா உள்ளே போய் நின்றதுதான் தாமதம், செக்யூரிட்டி அவளுடைய லாக்கரைத் திறந்து, சாப்பாட்டு டப்பா முதல் ஜெபமாலை வரை அந்தப் பையில் திணித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சாட்சி சொல்ல வாசலில் நின்றிருந்தேன். வேலையை விட்டு அனுப்புவதென்று முன்பே முடிவு செய்துவிட்டு எதற்கய்யா விசாரணை?

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. ஒவ்வொரு உற்பத்தி லைனுக்கு மேலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து லைனை நிறுத்தலாம், லைன் லீடர்தான் மறுபடி ஓட விட வேண்டும் என்று சுவரில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். இழுத்தவருக்கு என்ன நடக்கும் என்று எழுதவில்லை. காப்புக் கதவு மூடாமலே தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் இறங்கத் தொடங்கியதைப் பார்த்து அக்கா இழுத்தாள். அதன் கீழே இருந்தது என் கை. என் விரல்கள் முழுசாக இருப்பது அவளால்தான்.

"சொல்லும்மா" என்றார் உள்ளே விசாரணை அதிகாரி. "சார், அந்தக் கதவு..." என்று அக்கா வாயெடுப்பதற்குள், "டார்கெட் பூட்ச்சே, அதுக்கு இன்னா சொல்ற? கெளம்பு, கெளம்பு" என்றார். என்னை உள்ளே கூப்பிடவே இல்லை.

தூத்துக்குடிக்காரியான அக்கா தொழிற்சாலை கேட்டில் பையை அணைத்துக்கொண்டு சொன்னாள்: "கோயில்ல ஃபாதர், பாவம் செஞ்சவன் சொல்லுததயே கடைசி வரைக்கும் கேக்காருட்டி. நான் ஒரு தப்பும் செய்யலியே, என்னயப் பேச விடலியே."

பல வருடம் கழித்து, தண்டலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள் 'ஷார்ட் ஷ்ரிஃப்ட்' என்ற ஆங்கிலத் தொடரைச் சொன்னாள். ஒருவரைக் காதுகொடுத்துக் கேட்காமல் வெடுக்கென்று தள்ளிவிடுவதாம். ஷ்ரிஃப்ட் என்றால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தூக்குக்குப் போகிறவனிடம் அவசர அவசரமாக அதைக் கேட்டு முடிப்பார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்குக் கைதிக்காவது கேட்க ஒரு ஃபாதர் இருந்தார்.

இன்று அதே தொழிற்சாலையில் நான் லைன் லீடர். போன வாரம் என் லைனில் ஒரு பெண் கயிற்றை இழுத்தாள். அவளை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே வாசல், அதே சுவரோரம், அவளுடைய பை. நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன்.

"மொதல்ல இத லாக்கர்ல வெக்கச் சொல்லுங்க சார். அப்பறம் இவ பேசுவா, நீங்க கேளுங்க."

"லைன் நிக்குதும்மா!" என்று கத்தினார்.

நிற்கட்டும். மறுபடி ஓட விட வேண்டியவள் நான்தான்.