பக்கத்து இருக்கையில் ஒரு சோதனை

பிள்ளைகளே, போன மாரிக் குளிரில் கோட்-டெ-நெய்ஜ் வீதியால் போகும் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் ஒரு பெண் இருப்பார். நாற்பது வயது தாண்டியவர். நீல மப்ளரும் மடியில் தடித்த புத்தகமுமாக வருவார். சீஜெப் கல்லூரியில் உளவியல் படித்தார். அதில் தேறினால்தான் பல்கலைக்கழகம் போகலாம்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"அண்ணை, உங்கட கவலை ஒண்டைச் சொல்லுங்கோ. நான் புத்திமதி சொல்லாமல் பத்து நிமிசம் கேக்கவேணும். நாளைக்கு வகுப்பில இதுதான் சோதனை."

"முழங்கால் நோகுது."

"நல்லெண்ணெய் பூசுங்கோ!" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, துலைஞ்சுது!"

"எங்கட ஆக்களுக்கு இது சரிவராது, தங்கச்சி."

"சரிவரும். வேற ஏதும் சொல்லுங்கோ."

"நான் வாயைத் திறந்தாலே பிள்ளையள் எழும்பிப் போகுதுகள்," என்று தொடங்கினேன். அவர் மப்ளர் நுனியை விரலில் இறுக்கிச் சுற்றியபடி ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டார். சொல்லச் சொல்ல, நான் உங்களிடம் புத்திமதியைத் தவிர வேறெதுவும் கதைப்பதில்லை என்பது எனக்கே விளங்கியது.

அவர் தேறி, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். பெயர் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது அப்பா ஏன் வீட்டுக் கதவுத் திறப்பின் கயிற்றை விரலில் சுற்றுகிறார் என்று கேட்டீர்களே, அது அவரைப் பார்த்துப் பழகியதுதான்.