பதினொரு மணிக்குக் காணாமல் போன குரல்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை சொல்லிக்கொண்டே இருப்பது அவர் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக இதே வேலை, இதே அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஒரு மேசை, ஒரு மைக், ஒரு பழைய கணினி, திறக்க வராத ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பதினான்கு மேடைகளும் சளைக்காத கூட்டமும்.

வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை. "ஊருக்கெல்லாம் வழி சொல்லிட்டு வந்து எனக்கு மட்டும் கையாலயே சைகை காட்டுவா" என்பார் தையல்காரரான கணவர். அதற்கும் அக்காவின் பதில் ஒரு சைகைதான்.

அந்தக் கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மைக்கில் பேசுவது அதன் வழியாகத்தான் மேடை ஒலிபெருக்கிகளுக்குப் போகும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அது படுத்தே விட்டது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம். புதியது கிடையாது என்று மேலாளர் கையை விரித்தார். கணினி பழுதுபார்க்கிற கொழுந்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். கணினி எழுந்து ஓடியது. அடுத்த மாதமே கொழுந்தனாருக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்து அவரும் ஓடினார்.

"அண்ணி, எதுன்னாலும் இணையத்துல மன்றம் இருக்கு, அங்க கேளுங்க. கூச்சப்படாதீங்க. அங்க இருக்குறவங்க எல்லாரும் ஒரு நாள் முழிச்சுக்கிட்டு நின்னவங்கதான்."

அக்கா கூச்சப்படவில்லை. அச்சுப்பொறி மக்கர் செய்தபோது கேட்டார், தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது கேட்டார். இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களுக்கே பதில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டும்போது மேலாளர் எட்டிப் பார்த்தால், "ஒண்ணும் இல்ல சார், கண்டுக்காதீங்க" என்பார். மேலாளர் கண்டுகொண்டார். பதிவு செய்த குரலே நேரத்துக்கு நேரம் பேசிக்கொள்ளும் ஒரு பெட்டி வந்திருப்பதாகத் தலைமை அலுவலகம் சொன்னதிலிருந்து, அவர் பார்வை இந்த அறைப் பக்கம் அடிக்கடி திரும்பியது.

அன்று காலை மின்பணியாளர்கள் அரைமணி நேரம் மின்சாரத்தை நிறுத்தி, ஓட்டுநர் ஓய்வறையில் நேர அட்டவணை காட்டும் பெரிய திரை ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு விளக்கு எரிந்தது, கணினியும் எழுந்தது. அக்கா மைக்கைத் தட்டி, "பதினேழாம் எண் வண்டி, நான்காம் மேடை" என்றார். வெளியே ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. மறுபடி சொன்னார். மேடைகளின் ஒலிபெருக்கிகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

கால்மணி நேரத்தில் மேலாளர் வந்து நின்றார்.

"என்ன அக்கா, உங்க இலவசம் ஊமையாயிடுச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"பாருங்க. மூணு மணிக்கு நான் தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணணும். அதுக்குள்ள சத்தம் வந்தா சரி. வரலேன்னா அந்தப் பெட்டியை அனுப்பச் சொல்லிடுவேன். நீங்க டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காரலாம். தொண்டைக்கும் நல்லது."

கெட்ட மனிதர் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

மன்றத்தில் எழுதினார். 'நனைந்த குடை' என்ற பெயரில் உலவும் ஒருவர் உடனே பதில் போட்டார். யாரோ, எங்கோ இருப்பவர். ஆனால் ஒலிச் சிக்கல் என்றால் முதல் ஆளாக வருவார்.

"ஒலி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறதா, பாருங்கள்."

பார்த்தார். அடைக்கவில்லை.

"ஒலி அட்டைக்கான டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்."

நிறுவினார். கணினியை அணைத்துப் போட்டார். பலன் இல்லை.

"பேசும்போது திரையில் ஒலி அளவுப் பட்டை ஆடுகிறதா?"

"நன்றாக ஆடுகிறது."

"அப்படியானால் கணினி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று எதையாவது மாற்றினீர்களா?"

"எதையும் மாற்றவில்லை" என்று அக்கா எழுதினார். மனசாட்சிப்படி அது உண்மைதான். அவர் எதையும் மாற்றவில்லை.

இதற்கிடையில் வேலை நிற்கவில்லை. ஒவ்வொரு வண்டியின் நேரத்துக்கும் மைக்கில் சொல்லிவிட்டு, பிறகு வெளியே ஓடிப்போய் மேடை ஓரத்தில் நின்று கத்தினார். சோதனைக்காக மைக்கை அணைக்காமலே வைத்திருந்ததால், நடுநடுவே வந்த புலம்பலும் அதற்குள்தான் போனது. "மூணு மணியாம். ஒரு லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட மூணு நாள் எடுத்துக்குற மனுஷன், எனக்கு மட்டும் மூணு மணி."

ஒரு மணிக்கு மேலாளர் மறுபடி வந்தார். முகம் குழம்பியிருந்தது.

"இன்னிக்கு டிரைவருங்களுக்கு என்ன ஆச்சு? எல்லா வண்டியும் சொல்லி வச்ச மாதிரி நிமிஷத்துக்குக் கிளம்புது. ஜனங்க பின்னாடி ஓடுறாங்க."

"நேரத்துக்குப் போறது தப்பா சார்?"

"தப்பில்ல. ஆனா பத்து வருஷமா நடக்காதது எப்படி நடக்குது?"

அவர் சாப்பிடப் போய்விட்டார். அக்கா யோசித்தார். ஓய்வறை கட்டடம் திரும்பும் மூலையில், தடித்த சுவருக்குள் இருக்கிறது. மேடை ஒலிபெருக்கிகளின் சத்தம் அங்கே போகாது. ஓட்டுநர்கள் தத்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் வருவார்கள், ஒவ்வொரு கடிகாரமும் அதன் சொந்தக்காரருக்கு விசுவாசமாக ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடும். ஒன்று இருபதுக்கு அவர் சத்தம் வராத மைக்கில் ஒன்பதாம் எண்ணை அழைத்தார். அழைத்து வாயை மூடவில்லை, ஓய்வறைக் கதவு திறந்து அந்த வண்டியின் ஓட்டுநர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

அக்கா ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு மைக்கை அருகே இழுத்தார்.

"ஓய்வறையில யாருக்காவது நான் பேசுறது கேட்டா, கதவுக்கு வெளியே ஒரு கையை நீட்டுங்க."

கதவு இம்மியும் அசையவில்லை.

"மேலாளர் சாப்பிடப் போயிருக்கார்."

மூன்று கைகள் நீண்டன. ஒன்றில் டீ டம்ளர்.

பின்னாலேயே ஓட்டுநர்களில் மூத்தவர் வந்து அறை வாசலில் நின்றார். காலியான இடத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் ஹாரன் அடிப்பவர் என்பதால் ஹாரன் அண்ணன் என்று பெயர்.

"ரெண்டு மணி நேரமா கேட்டுக்கிட்டுதான் இருக்கோம் தங்கச்சி. புது டிவி உன் குரல்ல பேசுது. எங்களுக்குன்னே வச்ச ஏற்பாடுன்னு நெனச்சோம்."

"அண்ணே, வெளியே நான் தொண்டை கிழியக் கத்துறது தெரியலையா?"

"தெரிஞ்சது."

"அப்ப வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஓய்வு நேரத்துல ஆபீஸ் பக்கம் தலை தெரிஞ்சா ஒரு ட்ரிப் கூடுதலாத் தலையில கட்டிடுவாரு. தெரியாதா உனக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த லீவு லெட்டர் விஷயத்தை இன்னொரு வாட்டி சொல்லு. ரெண்டு பேரு தூங்கிட்டாங்க, கேக்கல."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். வெளியே போகும் வழிகள் இரண்டு இருந்தன: பழைய ஒலி அட்டை ஒன்று, காலையில் கம்பி இழுத்துக் கணினியோடு கோத்த புதிய திரை மற்றொன்று. விழித்து எழுந்த கணினி, புதிதாக வந்ததே தன் வாய் என்று முடிவு செய்துகொண்டிருந்தது. அவர் பழையதைச் சொடுக்கினார். "சோதனை" என்றார். பதினான்கு மேடைகளும் "சோதனை" என்றன. ஒரு குழந்தை தூக்கத்திலிருந்து விழித்து அழுதது. அக்காவுக்கு அந்த அழுகை இனிமையாக இருந்தது.

நனைந்த குடைக்கு நடந்ததை அப்படியே எழுதினார். "திரை மாட்டியது மாற்றம்தான் அம்மா" என்று பதில் வந்தது, கீழே ஒரு சிரிப்புப் படத்தோடு.

சாப்பிட்டுத் திரும்பிய மேலாளர், ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ஒரு அறிவிப்பை முழுதாகக் கேட்டார். அறைக்கு வந்தார். நடந்ததை அக்கா சொன்னார், லீவு லெட்டரை மட்டும் விட்டுவிட்டு.

"அப்போ டிரைவருங்க நேரத்துக்கு வந்தது இதனாலதானா?"

"ஆமா சார்."

"ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி பண்ண முடியுமா?"

"மன்றத்துல வழி சொல்லியிருக்காங்க. பத்து நிமிஷம் குடுங்க."

எட்டு நிமிடம் ஆனது. மூன்று மணிக்குப் பக்கத்து அறையில் மேலாளர் தொலைபேசியில் பேசுவது சுவர் வழியாகத் தெளிவாகவே கேட்டது. "பெட்டி வேண்டாம் சார். எங்க ஆளே போதும். இன்னிக்கு மட்டும் ஒன்பது வண்டி நேரத்துக்குக் கிளம்பியிருக்கு. ஓய்வறையில ஸ்கிரீன் வச்சது என் யோசனைதான் சார்."

மறுநாள் காலை ஓய்வறையிலிருந்து ஒரு தாளில் மனு வந்தது. பதினொரு கையெழுத்துகள், முதல் கையெழுத்து ஹாரன் அண்ணனுடையது. தூக்கம் கெடுகிறது, ஓய்வறைச் சத்தத்தை நூற்றுக்கு முப்பதாகக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்கா ஐம்பது என்றார். பேச்சு நாற்பதில் முடிந்தது.