வெர்லீன் விட்டுக்கொடுத்த இரண்டு நிமிடம்

வெர்லீன் டாலிவர் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றங்கரை நகரமொன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் அறுபது பிள்ளைகள் கூச்சல் போட்டாலும், கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தால் பேருந்து அடங்கிவிடும். அந்தப் பார்வைக்கு அடங்காத கூட்டம் ஒன்று உண்டென்றால் அது நகரக் காவல் துறைதான்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகன் டேரலின் காரை, பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய இரண்டு காவலர்கள், அவனை விலா எலும்பு முறிய அடித்தார்கள். கறுப்பாகப் பிறந்ததற்கு அந்த ஊர் போடும் தண்டனை. "அவனே விழுந்தான்" என்று எழுதிக்கொடுத்தார்கள். கேப்டன் மார்வா ஈசன் மட்டும், "அடித்ததை நான் பார்த்தேன்" என்று அறிக்கை எழுதினார். மறுவாரமே அவரைத் தொலைந்த பொருட்கள் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள்.

"கர்த்தர் நியாயம் செய்வார், சிஸ்டர்" என்றார் அவள் சபையின் பாஸ்டர்.

"கர்த்தர் வந்து அறிக்கை எழுதல பாஸ்டர். மார்வாதான் எழுதுனாங்க."

இப்போது, பதவி முடிந்து போகிற மேயர் அதே மார்வாவைக் காவல் தலைவராக நியமித்திருந்தார். நகர மன்றம் ஒப்புதல் தர வேண்டும். மார்வா வந்தால் டேரலின் வழக்கு மறுபடி திறக்கும். இல்லையென்றால் அந்த மாதத்தோடு காலாவதி. ஒன்பது உறுப்பினர்களில் நான்கு பேர் சரி, நான்கு பேர் கூடாது. ஒன்பதாமவர் டினா க்ரூஸ், தன் கட்சியின் மேயர் வேட்பாளர் ரூஃபஸ் பென்டில்டன் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார்.

பென்டில்டனோ, வெர்லீன் வீட்டுச் சமையலறையில் பொரித்த கெளுத்தி மீனைத் தின்றபடி, "மார்வாவுக்குத்தான் என் ஆதரவு" என்று மூன்று தடவை சொன்னவர். வெளியே ஒரு தடவைகூடச் சொல்லாதவர். தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கையில் காவலர் சங்கத்தைப் பகைத்துக்கொள்ளக் கூடாதாம்.

மன்றக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். வேண்டாமென்றால் அரங்கில் இருக்கும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். வெர்லீன் நான்கு பக்கம் எழுதி, காலிப் பேருந்திடம் படித்துப் பழகியிருந்தாள். ஒலிவாங்கியை நோக்கி நடந்தபோதுதான், கதவோரம் கடைசி வரிசையில் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவரைக் கண்டாள். காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"என் ரெண்டு நிமிஷத்தை மிஸ்டர் ரூஃபஸ் பென்டில்டனுக்குத் தர்றேன். அதோ, கதவுகிட்ட ஒளிஞ்சிருக்காரு."

முந்நூறு தலைகள் திரும்பின.

"எந்திரி ரூஃபஸ்! கால் மரத்துப் போச்சா?" என்று யாரோ கத்தினார்கள். கூரை அதிரச் சிரிப்பு.

மன்றத் தலைவர் ஹாலோரன் மேசையைத் தட்டினார். "நேரம் ஓடுது, மிஸ்டர் பென்டில்டன். பேசறீங்களா, போறீங்களா?"

பென்டில்டன் வந்தார். வியர்வையைத் துடைத்தார். இருபது விநாடி வீணாயிற்று. வெர்லீன் நகரவில்லை, பேருந்துக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அவரையே பார்த்தாள்.

"நான் பயந்துட்டேன்" என்றார் அவர். அரங்கு அடங்கியது. "சங்கம் என்னை எதுத்து நிக்கும்னு சொன்னாங்க. நின்னுட்டுப் போகட்டும். தன்கூட வேலை செய்றவன் அடிச்சதை, அடிச்சான்னு எழுதுன ஒரே ஆள் கேப்டன் ஈசன். இந்த ஊருக்குக் காவல் தலைவரா அவங்கதான் வேணும். நான் மேயரானாலும் அவங்கதான், தோத்தாலும் அவங்கதான்."

மணி அடித்தது. சங்கத்துக்காரர்கள் ஊளையிட்டார்கள். மற்றவர்கள் போட்ட கைத்தட்டலில் அந்த ஊளை கரைந்தது.

வாக்கெடுக்கப் பெயர் கூப்பிட்டார்கள். ஆம். இல்லை. இல்லை. ஆம். நாலுக்கு நாலு. இடத்துக்குத் திரும்பியிருந்த வெர்லீன் முன்னிருக்கையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டினா க்ரூஸ்?"

"ஆம்!"

முன்பின் தெரியாத ஒருத்தி வெர்லீனைத் தூக்கிச் சுற்றினாள். நடைபாதையில் பென்டில்டன் வழிமறித்தார். "என்னைக் கொன்னுட்டீங்களே, மிஸ் வெர்லீன்!"

"இப்பதானய்யா உயிரே வந்திருக்கு உங்களுக்கு. நகருங்க."

வெர்லீன் கைபேசியை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தி, மூன்றாம் தடவைதான் டேரல் கிடைத்தான்.

"என்னம்மா, அங்க அவ்வளவு சத்தம்?"

"அப்புறம் சொல்றேன். காலையில முதல் வேலையா வக்கீலுக்குப் போனைப் போடுடா!"