ஊர் மானத்துக்கு ஒரு முழங்கால்

நாங்கள் குடியேறிய வின்டர்தூர் நகரில் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் என் தம்பியோடு ஒப்பந்தம் செய்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஆட்களில் அதற்கு முன் யாரும் பந்தடித்துச் சம்பளம் வாங்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பிள்ளையைப் பந்துக்குப் பின்னால் ஓடவிட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று அதுவரை கதைத்தவர்கள் கேக்கோடு வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கேக் தின்னும்போது அது தானாக மூடிக்கொண்டது.

கழகத்தின் அனுமதியில்லாமல் வெளியே எங்கும் ஆடக்கூடாது என்பது நிபந்தனை. நான்தான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். தலையாட்டினார். அந்த வசந்தத்தில் தம்பியைச் சில ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் இறக்கினார்கள். அடுத்த பருவத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடுவாய் என்று ட்ரெய்னர் சொல்லியிருந்தார்.

கோடையில் தமிழர் விளையாட்டு விழா வந்தது. நாட்டில் விட்டுவந்த ஒவ்வோர் ஊரின் பெயரிலும் இங்கே ஒரு கழகம் உண்டு. அங்கே விட்ட சண்டையை இங்கே பந்தடித்துத் தீர்ப்பார்கள். எங்கள் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது, எதிரே பக்கத்து ஊர், எங்கள் பக்கம் ஆள் குறைவு. எங்கள் ஊர்க் கழகத் தலைவர் இரண்டு பேரோடு வந்து அப்பாவின் முன்னால் நின்றார்.

"அண்ணை, ஊர் மானம் உங்கடை கையிலைதான் இருக்கு."

நான் ஒப்பந்தத்தை நினைவூட்டினேன். எங்கள் ஆட்களுக்குள் விளையாடுவது வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் சிரித்தார். அப்பா தம்பியைப் பார்த்தார். அவன் யாருடையதோ ஒரு ஜேர்சியைப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

கோல் அடித்தான். பிறகு, யாரும் இடிக்காமலே, திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டு விழுந்தான். தசைநார் அறுந்திருந்தது.

படியில் விழுந்ததாகச் சொல்லும்படி அப்பா சொன்னார். தம்பி ட்ரெய்னரிடம் உள்ளதையே சொன்னான். சொல்லாவிட்டாலும், வெற்றிக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் அவன் காலை நீட்டிக்கொண்டிருந்த படத்தை எங்கள் அறிவாளிகள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பழைய வேகம் வரவேயில்லை.

நான் அப்பாவோடு மாதக்கணக்கில் கதைக்கவில்லை. தம்பி அவரைக் கோபிக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் அவனைக் காரில் பிசியோவுக்குக் கூட்டிப் போகும்போது, ஒரு 'மாட்டன்' சொல்ல உனக்கு வாயில்லையா என்று கேட்டேவிட்டேன்.

"அப்பா இவ்வளவு வருசமும் ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவினவர், அக்கா. ஒருத்தரும் அவரிட்டை வந்து ஒண்டு கேட்டு நான் பாத்ததில்லை," என்றான். "அண்டைக்குத்தான் கேட்டவை."

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கதைக்கத்தான் வரவில்லை.